இரண்டாவது தும்மல்

ஜெபதுரை வீட்டு வாசலில் இருந்த குடிநீர்க் குழாய்க்கு ஒரு தகரப் பெட்டி உண்டு. பெட்டிக்கு ஒரு பூட்டு உண்டு. பூட்டின் சாவி அவருடைய வேதப்புத்தகத்தின் உறைக்குள் இருந்தது. எட்டு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் ஒரு மணி நேரம் தண்ணீர் வருகிற குழாய்க்கு இத்தனை பந்தோபஸ்து தேவையா என்று கேட்கிறவர்கள் கரிசல்காட்டில் தண்ணீருக்கு நின்றதே இல்லை என்று அர்த்தம்.

கோவில்பட்டியை ஒட்டிக் கிடக்கும் செங்கோடைபட்டி பேரூராட்சியில் மனு போட்டு, ஒன்பது வருஷம் காத்திருந்து வாங்கிய இணைப்பு அது. அந்த ஒன்பது வருஷமும் அவரும் அவர் மனைவி கிருபாவும் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் போய்த்தான் தண்ணீர் பிடித்து வந்தார்கள். வரும்போது பார்த்து கேட் அடைத்துவிடும். கிருபா குடத்தைக் கீழே இறக்க மாட்டாள், இறக்கினால் திரும்பத் தூக்கிவிட ஆள் வேண்டும். சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டி போகிற வரைக்கும் இடுப்பில் குடத்தோடு நிற்பாள். குழாய் வந்த அன்றைக்கு போதகரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணிவிட்டுத்தான் திறந்தார்கள். கிருபா அழுதாள். ஜெபதுரையும் அழுதார், ஆனால் முகத்தில் தண்ணீர் தெறித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டார்.

அரசுப் பேருந்தில் முப்பத்தோரு வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் ஜெபதுரை. ஓய்வுக்குப் பிறகு அதே தெருவின் மறு கோடியில் ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டார். பழைய சொந்தக்காரர் காலத்திலிருந்தே அந்த வீட்டுக்கும் ஒரு குழாயும் தரைக்கடியில் ஒரு தொட்டியும் இருந்தன. தன்னைப் போல நிம்மதியான மனுஷன் தாலுகாவிலேயே கிடையாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் பேரூராட்சி அந்தத் தீர்மானத்தைப் போட்டது.

ஆட்டோவில் குழாய் ரேடியோ கட்டி, தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். வாடகை வீடுகளால் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு ஏற்பட்டால் இனிமேல் வீட்டுக்காரர்தான் பொறுப்பு. மூன்று குடும்பங்கள் கையெழுத்துப் போட்டு, முதல் கையெழுத்துக்காரர் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நேரத்தில் நேரில் வந்து மனுவைக் கொடுக்க வேண்டும். விசாரணை நடக்கும். புகார் உண்மை என்றால், வீட்டுக்காரர் குடியிருக்கிற வீட்டின் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும். புகார் கொடுத்தவர், மனு கொடுத்த நாளிலிருந்து முப்பது நாளைக்குள், அதே போல ஒரு திங்கட்கிழமை வந்து எழுத்து மூலமாக வாபஸ் வாங்கினால் திரும்பக் கிடைக்கும். இல்லாவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

குடியிருப்பவர்களின் குழாயை விட்டுவிட்டு வீட்டுக்காரர் குழாயை ஏன் வெட்ட வேண்டும் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டாராம். "குடியிருக்கவன் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிருவான். வீட்டுக்காரனுக்குத் தொண்டை காஞ்சாத்தான் ஒறைக்கும்" என்று தலைவர் சொன்னதும் எல்லோரும் மேசையைத் தட்டினார்களாம்.

தீர்மானத்தைக் கேட்டதும் ஜெபதுரை போய்க் குழாய்ப் பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தார். ஏனென்றால் அவர் வாடகை வீட்டில் குடியிருந்தவள் வெயிலுகந்தம்மாள்.

அவள் புதூர்ப் பக்கம். மழை மூன்று வருஷம் சேர்ந்தாற்போல ஏமாற்றியதும், புருஷன் திருப்பூருக்கும் அவள் இங்கேயும் பிழைக்க வந்தார்கள். மிளகாய் வத்தலும் மல்லியும் வறுத்து, இடித்துப் பொடியாக்கிக் கடைகளுக்குப் போடுகிறாள். கெட்டிக்காரி, வாய் திறந்து ஒரு வம்பு பேச மாட்டாள். பேச வேண்டிய அவசியமும் இல்லை, அவளுடைய இரும்புச் சட்டி பேசிவிடும். விளாத்திகுளம் சம்பா வத்தல் அந்தச் சட்டியில் விழுந்த ஐந்தாவது நிமிஷம் தெரு முழுக்க நெடி ஏறும். ஒரு வீட்டில் ஆரம்பிக்கிற தும்மல் வரிசையாகப் போய் கடைசி வீட்டு மாட்டில் முடியும்.

இதில் அதிகமாகப் பாதிக்கப்பட்டவர் தெருவின் நடுவில் குடியிருந்த ஆறுமுகசாமி. பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். அவருக்கு மூக்கில் ஒரு குறையும் இல்லை, சகுனத்தில்தான் இருந்தது. வாசற்படி தாண்டும்போது யாராவது ஒற்றைத் தும்மல் போட்டுவிட்டால் காலை உள்ளே இழுத்துக்கொள்வார். அதற்கு அவர் வீட்டில் பரம்பரையாக ஒரு சட்டமே இருந்தது. சும்மா கடைக்குப் போகிற காரியம் என்றால் உட்கார்ந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பக் கிளம்பலாம். பத்திரம், மனு, கல்யாணப் பேச்சு மாதிரியான காரியம் என்றால் அன்றைக்கு முழுக்கக் கிளம்பக் கூடாது. ஆனால் தும்மிய ஆளே, இடையில் ஒரு வார்த்தை பேசாமல், இரண்டாவது தும்மலும் போட்டால் எல்லாம் நன்மைக்கு, தாராளமாகப் போகலாம். மூன்றாவதும் வந்தால் பழையபடி ஒற்றைக் கணக்குதான்.

ஜெபதுரைக்கு இதெல்லாம் மனப்பாடம். ஆறுமுகசாமியும் அவரைப் போன்றவர்களும் தும்மலுக்குப் பயந்து பஸ்ஸை விட்டு இறங்குவதை முப்பத்தோரு வருஷம் பார்த்தவர். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் போக வேண்டும் என்பது அவர் உத்தியோகம். அந்த வேலையை இந்த ஜனங்கள் மூக்கிடம் ஒப்படைத்திருக்கிறார்களே என்று கோபப்படுவார். சபைக் கமிட்டி உறுப்பினர் வேறு. புதன்கிழமை வீட்டு ஜெபக் கூட்டத்தில் சகுனம் பார்ப்பதற்கு எதிராக அரை மணி நேரம் பேசி, ஆமென் வாங்கியவர்.

ஆறுமுகசாமி ஒளிவுமறைவு இல்லாத மனுஷன். மனுவை எழுதியதும் நேராக ஜெபதுரையிடம் வந்து வாசித்துக் காட்டினார். 'மேற்படி வீட்டின் நெடியால் உண்டாகும் தும்மல்களால் நாங்கள் எந்த நல்ல காரியத்துக்கும் வெளியே கிளம்ப முடியவில்லை' என்று அதில் இருந்தது.

"அண்ணாச்சி, ஒங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது. ஒங்க வீட்டு மேலதான். திங்கக்கெழம கொண்டுபோய்க் குடுத்துருதேன். தப்பா நெனைக்காதீங்க" என்றார்.

"குடுங்க, குடுங்க" என்றார் ஜெபதுரை.

அந்தத் திங்கட்கிழமை காலை அவர் தன் குழாய்ப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுமுகசாமி வெள்ளை வேட்டியும் மஞ்சள் பையுமாக, கையெழுத்துப் போட்ட இரண்டு பேர் பின்னால் வர, வாசற்படிக்கு வந்தார். வலது காலை எடுத்தார். அதே நேரத்தில் தெருக்கோடியில் சட்டி சூடேறி, நெடி காற்றில் வந்தது. பின்னால் நின்ற பால் சொசைட்டி மணிராஜ் எவ்வளவோ அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. ஒன்றே ஒன்று, சுத்தமான ஒற்றைத் தும்மல்.

ஆறுமுகசாமி மணிராஜைத் திரும்பிப் பார்த்தார். அடுத்தது வருமா என்று எல்லோரும் அவர் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வரவில்லை. மனு மஞ்சள் பையோடு உள்ளே போய்விட்டது.

"ஸ்தோத்திரம்" என்றார் ஜெபதுரை, தன்னை அறியாமல். சொல்லிவிட்டு, எதற்கு ஸ்தோத்திரம் சொன்னோம் என்று யோசித்து வெட்கப்பட்டார். வெட்கம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற வரைக்கும் இருந்தது. அன்று சாயங்காலமே வெயிலுகந்தம்மாள் வீட்டுக்குப் போனார்.

"வெயிலு, வத்தலைத் திங்கக்கெழம காலையில வறுத்தா நெறம் நல்லா நிக்குமாம்."

அவள் முறத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "யாரு சொன்னா அண்ணாச்சி?"

"பஸ்ஸுல ஒருத்தர் சொன்னாரு. எட்டரைக்கே சட்டியை ஏத்திரணுமாம்."

"அப்படியா, சரி" என்றாள் அவள். வேறொன்றும் கேட்கவில்லை.

அடுத்தடுத்த மூன்று திங்கட்கிழமைகளும் அப்படியே நடந்தன. ஒரு வாரம் தயிர்க்காரி தும்மினாள். ஒரு வாரம் ஆறுமுகசாமியின் சொந்த சம்சாரமே தும்மினாள், அன்றைக்கு அந்த வீட்டில் சமையல் நடக்கவில்லை. மூன்றாவது வாரம் அவர் ஏழு மணிக்கே கிளம்பப் பார்த்தார். ஜெபதுரை ஆறரைக்கே சட்டியை ஏற்றச் சொல்லியிருந்தார். தொந்தரவைக் குறைக்க வந்த சட்டத்தால் அந்தத் தெருவில் வாரத்துக்கு வாரம் தொந்தரவு கூடிக்கொண்டே போனது. கிருபாவுக்கு மூக்கு சிவந்து வீங்கிவிட்டது.

"நீங்க செய்யுதது நல்லா இல்ல. கர்த்தர் பாத்துக்கிட்டுதான் இருக்காரு" என்றாள்.

"அவரு குழாயையும் பாத்துக்கிட்டுதான் இருக்காரு" என்றார் ஜெபதுரை.

ஆறுமுகசாமி பாத்திர வியாபாரி. ஓட்டை எங்கே இருக்கிறது என்று தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற ஜாதி. நான்காவது வாரம் ஞாயிற்றுக்கிழமையே கடம்பூரில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். திங்கட்கிழமை காலை அங்கிருந்து நேராகப் பேரூராட்சிக்குப் போய் மனுவைக் கொடுத்துவிட்டார். கடம்பூரில் யாரும் தும்மவில்லை. வரும்போது ஜெபதுரை வீட்டுக்கும் ஒரு பொட்டலம் போளி வாங்கி வந்திருந்தார்.

"குடுத்துட்டேன் அண்ணாச்சி. வியாழக்கெழம பத்தரைக்கு விசாரணையாம். சூடா இருக்கு, மதினிக்கும் குடுங்க."

போளி நன்றாகத்தான் இருந்தது. ஜெபதுரை தன் பங்கையும் கிருபா பக்கம் தள்ளிவிட்டார்.

விசாரணைக்கு அவர் பிரமாதமாகத் தயாரானார். நெடியைக் கூரைக்கு மேலே கொண்டுபோய் விடுகிற மாதிரி உயரமான தகரப் புகைபோக்கி வைப்பதாக ஒரு படம் வரைந்தார், அளவு குறித்தார். செயல் அலுவலர் ஆய்வுக்கு வந்தாலும் வரலாம் என்று வியாழக்கிழமை அடுப்பே பற்றவைக்க வேண்டாமென்று வெயிலுகந்தம்மாளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றைக்குக் காலையில் தெரு கழுவிவிட்ட மாதிரி இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு ஜனங்கள் மூச்சை முழுசாக இழுத்தார்கள். ஆறுமுகசாமி ஒன்பதரைக்கு ஒரு சகுனத்தடையும் இல்லாமல், கை வீசிக்கொண்டு விசாரணைக்குப் போனார். ஜெபதுரை அதை ஜன்னல் வழியாகப் பார்த்தார், தன் புத்தியை நொந்துகொண்டார்.

பரவாயில்லை என்று பீரோவிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துத் தரச் சொன்னார். கிருபா சட்டையை உதறினாள். பாச்சை உருண்டை வாசம் குப்பென்று கிளம்பியது. ஜெபதுரை சட்டையை மாட்டி, பட்டனைப் போட்டு, ஜெபம் பண்ணி, வாசற்படியில் கால் வைத்தபோது அவளுக்குத் தும்மல் வந்தது. ஒன்று.

சகுனத்துக்கு எதிராக அரை மணி நேரம் பேசிய மனுஷன் ஒரு காலை வெளியிலும் ஒரு காலை உள்ளேயும் வைத்துக்கொண்டு நின்றார். நாலு திங்கட்கிழமை அவர் கண் முன்னால் அது வேலை செய்திருக்கிறது. பிரசங்கத்தை விடக் கண்ணால் பார்த்ததுக்கு பலம் அதிகமாக இருந்தது.

"ஏட்டி, இன்னொண்ணு வருமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"என்னது?"

"இன்னொரு தும்மல்."

"என்னங்க, தும்மலு என் கையிலயா இருக்கு? மணி ஆச்சு, கெளம்புங்க."

அவர் கிளம்பவில்லை. வெயில் அதிகமாக இருக்கிறது, தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று அவளுக்கும் தனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தார். எழுந்து வாசலுக்கு வந்தார். கிருபா மறுபடியும் தும்மினாள். இப்போது இது முதல் தும்மலோடு சேர்ந்த இரண்டாவதா, இல்லை புதுக்கணக்கில் ஒன்றாவதா? நடுவில் பேச்சும் ஆகிவிட்டது, தண்ணீரும் ஆகிவிட்டது. ஆகவே புதுக்கணக்குதான் என்று முடிவு பண்ணித் திரும்பவும் போய் உட்கார்ந்தார். பத்து மணி டவுன் பஸ் தெருமுனையில் நின்று, இரண்டு விசில் வாங்கிக்கொண்டு போய்விட்டது.

பேரூராட்சி அலுவலகத்துக்கு அவர் போய்ச் சேரும்போது பதினொன்றே முக்கால். செயல் அலுவலர் ரேணுகாதேவி இளவயசுப் பெண், கண்டிப்பு. கையெழுத்துப் போட்ட உத்தரவு மேசையில் காய்ந்துகொண்டிருந்தது. ஆறுமுகசாமி ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் சார் இவ்வளவு லேட்டு? நேரத்துக்கு வரலைன்னா புகாரை ஒத்துக்கிட்டதா அர்த்தம்னு நோட்டீஸ்லயே இருக்கே."

ஜெபதுரை வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஆறுமுகசாமி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பஸ் லேட்டு" என்றார்.

முப்பத்தோரு வருஷத்தில் இந்த வார்த்தையைச் சொன்ன பயணிகளிடம் அவர் எத்தனை சண்டை போட்டிருக்கிறார். சொல்லி முடித்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"இவிய அதே ரூட்ல வந்து பத்து மணிக்கே உக்காந்திருக்காங்களே சார்" என்றார் ரேணுகாதேவி, ஆறுமுகசாமியைக் காட்டி. புகைபோக்கிப் படத்தை வாங்கிப் பார்த்து, "படம் நல்லா இருக்கு. நேரத்துக்கு வந்திருந்தா இதையே ஆர்டராப் போட்டிருப்பேன்" என்று திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் குழாய் ஃபிட்டர் முனீஸ்வரன் வந்தார். ஜெபதுரையே வேதப்புத்தக உறையிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. பத்து நிமிஷ வேலை. ஒன்பது வருஷம் காத்திருந்த குழாயின் வாயில் ஒரு மூடியைத் திருகிவிட்டு அவர் போய்விட்டார். கிருபா மச்சுக்கடியில் கிடந்த பழைய குடங்களை எடுத்துப் பார்த்தாள். இரண்டிலும் ஓட்டை.

"அந்தப் பிள்ளையக் காலி பண்ணச் சொல்லிட்டா ஆறுமுகசாமி அண்ணன் வாபஸ் வாங்கிருவாங்கல்லா?" என்றாள்.

அதைச் சொல்லத்தான் ஜெபதுரை தெருக்கோடிக்குப் போனார். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனார். வெயிலுகந்தம்மாள் வாசலிலேயே நின்றாள். அவர் பேசுவதற்கு முன்னால் அவள் பேசினாள்.

"குழாய வெட்டிட்டாங்களாமே அண்ணாச்சி. நான் காலி பண்ணிட்டுப் போனா சரியாயிரும்னா போயிருதேன். ஒரு வாரம் மட்டும் டைம் குடுங்க."

ஜெபதுரை அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளைத் தேடுவதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"இல்ல, ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். திங்கக்கெழம வறுத்தா நெறம் நிக்கும்னீங்க. நெறம் எல்லாக் கெழமையும் ஒரே மாதிரிதான் நிக்கி. ஆறுமுகசாமி அண்ணாச்சி மஞ்சப்பையத் தூக்குததும், நீங்க உங்க வீட்டு வாசல்ல நின்னு எங்க சட்டியப் பாக்குததும் எனக்குத் தெரியாமலா இருக்கும்? வீட்டுக்காரவுக சொல்லுதாகன்னு வறுத்தேன்."

அவருக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை கூசியது. அந்தத் தெருவின் தும்மலில் சரிபாதி அவருடைய உத்தரவுப்படி வந்தது. அதற்கு இந்தப் பெண்ணைத் தெருவில் நிறுத்தக் கிளம்பி வந்திருக்கிறோமே என்று தன் மேலேயே வெறுப்பு வந்தது.

"நீ எங்கயும் போக வேண்டாம்மா. தகரத்துல பொகைபோக்கி வச்சுத் தாரேன். அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றார். இதுவும் பொய்தான், ஆனால் இந்தப் பொய்யைச் சொன்னதில் அவருக்கு வருத்தம் இல்லை.

"அப்ப தண்ணிக்கு என்ன செய்வீங்க? இங்கன தொட்டி நெறைய இருக்கு. மதினிய வந்து எடுத்துக்கிடச் சொல்லுங்க. உங்க வீட்டுக் குழாய்தான்."

அன்று சாயங்காலம் ஜெபதுரை ஆறுமுகசாமியின் கடைக்கே போய் இரண்டு குடம் வாங்கினார். பஜாரில் வேறு கடையும் உண்டு. ஆனாலும் ஒரே தெருக்காரர் கடை இருக்க அங்கே போவது மரியாதை இல்லையே. ஆறுமுகசாமி நல்ல குடமாகப் பார்த்து, தட்டிக் காட்டிக் கொடுத்தார்.

அந்தக் குடங்களே தனக்கு எதிரியாக முளைக்கும் என்று அவர் நினைக்கவில்லை. மறுநாள் ஒன்பது மணிக்கு ஆறுமுகசாமி கடைக்குக் கிளம்பி வாசற்படி தாண்டினார். எதிரே, தோளில் வெறுங்குடத்தோடு, ஜெபதுரை தொட்டியை நோக்கி வந்துகொண்டிருந்தார். கிளம்புகிற மனுஷனுக்கு எதிரே வெறுங்குடம் வருவதை விடத் தும்மல் எவ்வளவோ தேவலை. ஆறுமுகசாமி உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். இப்போது கிருபா வந்தாள், இடுப்பில் வெறுங்குடம். மறுபடி போய் உட்கார்ந்து எழுந்து வந்தார். ஜெபதுரை முதல் நடையைக் கொட்டிவிட்டு, இரண்டாவது நடைக்கு வெறுங்குடத்தோடு வந்தார். ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு எட்டு நடை வேண்டும். ஆறுமுகசாமி அன்றைக்கு எட்டுச் செம்பு தண்ணீர் குடித்தார், கடையைப் பதினொன்றரைக்குத்தான் திறந்தார்.

சத்தியமாக, இதை ஜெபதுரை வேண்டுமென்று செய்யவில்லை. இருபது நாள் இப்படி நடந்தது. இதற்குள் தகரப் புகைபோக்கி வந்துவிட்டது. இரண்டாள் உயரம். நெடி தெருவுக்குள் இறங்காமல் மேலாகவே போய் மூன்றாம் தெருவில் இறங்கியது. மூன்றாம் தெருக்காரர்கள் நாத்திகர்களோ என்னவோ, தும்மிக்கொண்டே வேலைக்குப் போனார்கள்.

மனு கொடுத்த இருபத்தாறாம் நாள், சனிக்கிழமை, ஆறுமுகசாமி தானாகவே ஜெபதுரை வீட்டுக்கு வந்தார். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, முடியல. மதினி இந்த வயசுல கொடம் தூக்குததப் பாக்கவும் முடியல, வெறுங்கொடத்துக்கு எதுக்க கெளம்பவும் முடியல. வாபஸ் மனு எழுதிட்டேன். நாளான்னைக்குத் திங்கக்கெழம, இருபத்தெட்டாம் நாளு. அத விட்டா அடுத்த திங்கள் முப்பதைத் தாண்டிரும். கொண்டுபோய்க் குடுத்துருதேன்."

ஜெபதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தத் தடவை தண்ணீர் தெறித்ததாகச் சொல்லத் தோன்றவில்லை, குழாயில் தண்ணீர் இல்லை.

"ஒண்ணே ஒண்ணு" என்றார் ஆறுமுகசாமி. "மனு காரியம். சகுனம் சுத்தமா இருக்கணும். சரியா ஒம்பது மணிக்கு நீங்க நெறகொடத்தோட எதுக்க வாங்க. ஒரு சொட்டு கொறையக் கூடாது. வெயிலுகிட்டச் சொல்லி அன்னைக்கு அடுப்பு பத்த வைக்காம இருக்கச் சொல்லுங்க."

"சொல்லுதேன், சொல்லுதேன்."

திங்கட்கிழமை அடுப்பு பற்றவைக்கவில்லை. ஆனால் ஞாயிறு வறுத்த வத்தல் முறத்தில் ஆறிக்கொண்டிருந்ததை யாரும் நினைக்கவில்லை. வெயிலுகந்தம்மாள் அதைத் தொட்டிக்குப் பக்கத்துக் குட்டைச் சுவரில் வைத்திருந்தாள். ஜெபதுரை குடத்தைத் தளும்பத் தளும்ப நிறைத்து, குனிந்து தோளில் ஏற்றினார். குனிந்த முகம் முறத்துக்கு நேராக இருந்தது. மூக்கின் உள்ளே ஏதோ ஒன்று மெல்ல ஊர ஆரம்பித்தது. மூச்சை அடக்கிக்கொண்டு தெருவில் நடந்தார். கிருபா பின்னால் இன்னொரு குடத்தோடு வந்தாள்.

ஆறுமுகசாமி வாசற்படியில் தயாராக நின்றார். மஞ்சள் பை, வெள்ளை வேட்டி. எதிரே நிறைகுடம் வருவதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. சாமியை நினைத்துக்கொண்டு வலது காலைத் தூக்கி வெளியே நீட்டினார்.

ஜெபதுரை தும்மினார்.

தெருவே நின்றுவிட்டது. ஆறுமுகசாமியின் கால் படிக்கும் தரைக்கும் நடுவில் நின்றது. அவர் முகம் விழுந்துவிட்டது. ஒற்றை. மனு காரியம். இன்றைக்கு இனிக் கிடையாது, இன்றைக்கு இல்லையென்றால் எப்போதும் கிடையாது. வெட்டியது ஆறுமுகசாமி இல்லை, பேரூராட்சி இல்லை, தன் மூக்கே தன் குழாயை வெட்டுகிறது என்று ஜெபதுரைக்குத் தெரிந்தது.

ஆனால் ஆறுமுகசாமி காலை உள்ளே இழுக்கவில்லை. தூக்கிய காலோடு, நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு, ஜெபதுரையின் மூக்கையே பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. இன்னொன்று போடுங்க அண்ணாச்சி என்று கெஞ்சியது.

இடையில் பேசக் கூடாது. வாயைத் திறந்தால் கணக்குப் புதுசாகிவிடும். ஜெபதுரை வானத்தைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், மூக்கைச் சுழித்தார், வரவில்லை. வேண்டாதபோது வந்து, வேண்டும்போது வராதது உலகத்திலேயே தும்மல் ஒன்றுதான் இருக்கும். குடத்தையும் இறக்க முடியாது. தலையைத் திருப்பி, கண்ணை உருட்டி, தெருக்கோடியில் நின்ற வெயிலுகந்தம்மாளைப் பார்த்து மூக்கைக் காட்டினார்.

அவள் கெட்டிக்காரி என்று முதலிலேயே சொன்னேன். முறத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். ஒரு பிடி வத்தலை அள்ளி உள்ளங்கையில் வைத்து நொறுக்கி, வாடகைக்குக் குடியிருக்கிற மரியாதையோடு, வீட்டுக்காரர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இழுங்க அண்ணாச்சி."

அவர் இழுத்தார். இரண்டாவது தும்மல் வந்த வேகத்தில் குடத்துத் தண்ணீர் தலையில் பாதி கொட்டியது. ஆறுமுகசாமியின் கால் தரையைத் தொட்டது. "ரெட்டை" என்று சொல்லிக்கொண்டே விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் ஜெபதுரைக்கு மூன்றாவது கிளம்பியது. வத்தல் நல்ல விளாத்திகுளத்து வத்தல், இரண்டோடு விடுகிற சரக்கு இல்லை. அவர் முகம் கோணியது, வாய் திறந்தது, ஆறுமுகசாமி இன்னும் நாலு வீடு கூடத் தாண்டவில்லை. கிருபா தன் குடத்தை நடுத்தெருவில் இறக்கி வைத்தாள். ரயில்வே கேட்டில் ஒன்பது வருஷம் இறக்காதவள் இறக்கி வைத்தாள். இரண்டு எட்டில் வந்து, ஒரு கையால் புருஷன் மூக்கை நறுக்கென்று பிடித்தாள், மறு கையால் வாயைப் பொத்தினாள்.

"அடக்குங்க. தெருமுனை தாண்டட்டும்."

அவர் அடக்கினார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிந்தது, காது அடைத்தது, தோளில் குடம் ஆடியது. தெருமுனையில் ஆறுமுகசாமி ஒரு தடவை நின்று, சந்தேகத்தோடு திரும்பிப் பார்த்தார். போகலாமா என்று கேட்கிற பார்வை. டவுன் பஸ் வந்து நின்றுகொண்டிருந்தது.

மூக்கும் வாயும் கிருபாவின் கையில் இருந்ததால் ஜெபதுரையால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. குடத்தைப் பிடித்திருந்த கையை எடுத்து உயர்த்தி, முப்பத்தோரு வருஷப் பழக்கத்தில் முன்னால் வீசிக் காட்டினார். ரைட், போகலாம்.

குடம் விழுந்து நசுங்கியது. ஆறுமுகசாமி பஸ்ஸில் ஏறினார்.